சோம்பு ஊருக்கு ஏழு நாள்

"மதெய்ரா போலாமாப்பா?" என்று லண்டனிலிருந்து மகள் கேட்டபோது லைன் கரகரத்தது. என் காதில் 'மதுரை' என்று விழுந்தது.

"மதுரைக்குப் போறதுக்கு லண்டன் எதுக்கும்மா? எழும்பூர்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினா ஆச்சு" என்றேன்.

விஷயம் மதுரை இல்லை, மதெய்ரா! வருகிற மே மாதம் நானும் என் சகதர்மிணியும் மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். அவளுக்கு ஒரு வாரம் லீவு கிடைக்குமாம். அந்த ஒரு வாரத்துக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு தீவு பார்த்து வைத்திருக்கிறாள். போர்ச்சுகலுக்குச் சொந்தம். ஆனால் போர்ச்சுகலுக்குப் பக்கத்தில் இல்லை. லிஸ்பனிலிருந்து தென்மேற்கே சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, மொராக்கோவுக்கு மேற்கே, நடுக்கடலில் நிற்கிறது. லண்டனிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேர விமானம்.

டூர் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், எனக்குப் பேப்பர், பென்சில், ஸ்கேல் மூன்றும் உடனே வேண்டும். எங்கள் குடும்பத்தில் முப்பது வருஷமாக டூர் மந்திரி அடியேன்தான். எதிர்க்கட்சி கிடையாது. 1994-ல் கொடைக்கானலில் ஒரே நாளில் 11 'பாயிண்ட்' காட்டினேன் என்பது என் சாதனைப் பட்டியலின் முதல் வரி.

மேப்பை விரித்தேன். தீவின் நீளம் 57 கிலோமீட்டர், அகலம் 22. அட, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்புகிற தூரம்கூட இல்லையே! இதற்கு ஒரு வாரமா? ரெண்டு நாளில் தீவை முடித்துவிட்டு, மிச்ச நாளில் லிஸ்பன், முடிந்தால் மாட்ரிட் என்று கட்டம் போட ஆரம்பித்தேன்.

மகள் சிரித்தாள். "அப்பா, அந்த ஊர்ல கிலோமீட்டரை நம்பாதீங்க."

* * *

அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

மதெய்ரா என்பது கடலடியிலிருந்து எழும்பிய எரிமலையின் உச்சந்தலை. கடலுக்கு வெளியே தெரிகிற அந்த உச்சந்தலையே 1862 மீட்டர் உயரம். பிகோ ருய்வோ என்று பெயர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2637 மீட்டர். அதற்கு இது தம்பிதான். ஆனால் ஒரு வித்தியாசம். ஊட்டி போகக் கோயமுத்தூர், மேட்டுப்பாளையம் என்று தவணை முறையில் மலை வருகிறது. இங்கே கடலில் கால் நனைத்துவிட்டு நிமிர்ந்தால் மலை! தலைநகரின் கடற்கரையிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் 1818 மீட்டர் உயர அரியெய்ரோ சிகரத்தின் வாசலில் இறங்கலாம். கீழே கூலிங்கிளாஸ், மேலே குல்லாய். ரெண்டும் ஒரே பையில் இருக்க வேண்டும்.

அதனால்தான் கிலோமீட்டர் பொய் சொல்கிறது. மேப்பில் 'கடற்கரையிலிருந்து 400 மீட்டர்' என்று ஒரு ஓட்டலைப் பார்த்து மகிழ்ந்து போனேன். மகள் இன்னொரு மேப்பை அனுப்பினாள், உயரக் கோடுகள் போட்டது. அந்த 400 மீட்டருக்குள் ஏறக்குறைய முப்பது மாடி ஏற வேண்டியிருந்தது. ஆகவே, வாசகர்களே, மலைத்தீவில் ரூம் போடுகிறவர்கள் தூரத்தைக் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். நாங்கள் கடைசியில் கடலோரச் சமதரையில் ஒரு சின்ன ஓட்டலைப் பிடித்தோம். தினம் ஒரு ஊரில் தங்கிப் பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற வேலையும் வேண்டாம் என்று முடிவானது. மலையைக் குடைந்து ஏகப்பட்ட சுரங்கச் சாலைகள் போட்டிருக்கிறார்கள். அதனால் எந்த மூலைக்குப் போனாலும் ராத்திரி அதே கட்டிலுக்குத் திரும்பி விடலாம்.

அந்தத் தலைநகரின் பெயர் ஃபுன்ஷால். 'ஃபுன்ஷு' என்றால் போர்ச்சுகீஸ் மொழியில் சோம்பு, அதாவது பெருஞ்சீரகம். 15-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்து இறங்கிய இடத்தில் காட்டுச் சோம்பு மண்டிக் கிடந்ததாம். ஊருக்கு அதுவே பேராகிவிட்டது. தீவின் பெயருக்கு அர்த்தம் 'மரம்'. மரமும் சோம்பும்! பெயர் வைப்பதில் அவர்கள் ரொம்ப மெனக்கெடவில்லை.

* * *

ஒரு வாரம் உழைத்து என் திட்டத்தைத் தயார் செய்தேன். ஏழு நாள், 23 இடம். ரெண்டாம் நாள் விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு, அரியெய்ரோவில் சூரியோதயம், அங்கிருந்து பிகோ ருய்வோவுக்கு நடை. போக மட்டும் சுமார் ஏழு கிலோமீட்டர். பாறையில் வெட்டிய படிகள், நடுவில் சுரங்கங்கள். மூன்றாம் நாள் '25 ஊற்று' என்கிற இடத்துக்கு நடை. நாலாம் நாள் கப்பலில் போர்ட்டோ சாண்டோ என்கிற பக்கத்துத் தீவு. அங்கே 9 கிலோமீட்டருக்குத் தங்க மணல். கொலம்பஸின் மாமனார் அந்தத் தீவின் கவர்னராக இருந்தவர். மாப்பிள்ளை அமெரிக்கா போவதற்கு முன்னாலேயே மாமனார் தீவில் இருந்திருக்கிறார்!

திட்டத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, கைத்தட்டலுக்காகக் காத்திருந்தேன்.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"ஏங்க, இதுல நாலு எடத்துல என் பேருக்கு நேரே 'கார்'னு போட்டிருக்கே. நான் என்ன டிரைவரா?"

அதை விளக்க வேண்டும். போன வருஷம் அவள் வலது முழங்காலில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'சமதரையில எவ்வளவு வேணா நடங்க. படி வேண்டாம், மேடு வேண்டாம்.' அதனால் படியும் மேடும் வருகிற இடங்களில் அக்கறையோடு 'மனைவி - காரில் காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தேன். இடம் இல்லாததால் சுருக்கி 'கார்' என்று போட்டேன். அவ்வளவுதான்.

"அக்கறையா..." என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "கொடைக்கானல்ல பதினோரு எடம் காட்டினீங்க. எனக்கு இப்ப ஞாபகம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். தூண் பாறைக்கு எதிர்ல நின்னுக்கிட்டு நீங்க வாட்சைப் பார்த்தது."

மந்திரி சபைக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்துவிட்டது!

* * *

மகள் அனுப்பியிருந்த கைடு புத்தகத்தை அன்று ராத்திரி அவள் எடுத்துக்கொண்டாள். ரெண்டு நாள் அது அடுப்படியில்தான் இருந்தது. மூன்றாம் நாள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்:

"இந்த லெவாடா லெவாடான்னு போட்டிருக்கே, அது வாய்க்கால்தானே?"

"ஆமா. அந்த ஊர்ப் பாசனக் கால்வாய்."

"தண்ணி மேட்டுல ஏறுமா?"

"ஏறாது."

"அப்ப வாய்க்கா மேடு பள்ளம் இல்லாமதானே போகும்? அதோட கரையில நடந்தா என் முட்டிக்கு என்னங்க வந்துரும்?"

என் மனைவிக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். கன்னடியன் கால்வாய்க் கரையிலேயே நடந்து பள்ளிக்கூடம் போனவள். நான் மேப்பும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் பார்க்காததை அவள் வாய்க்காலை வைத்து ஒரே நிமிஷத்தில் பார்த்துவிட்டாள்.

லெவாடா கதை நிஜமாகவே நம்மூர்க் கதை. அட்லாண்டிக்கிலிருந்து வடகிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து தீவின் நடு மலைமேல் மோதுகிறது. அதனால் வடக்குப் பக்கம் மழை, மேகம், பச்சை. தெற்குப் பக்கம் வெயில், வறட்சி. தண்ணீர் வடக்கே, கரும்பும் வாழையும் விளைகிற வெயில் தெற்கே. என்ன செய்வது? 15-ம் நூற்றாண்டிலிருந்தே மலை விலாவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆரம்ப காலத்தில் அடிமைகளின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. செங்குத்துப் பாறைகளில் ஆட்களைக் கயிற்றில் தொங்கவிட்டு வெட்டினார்கள் என்று சொல்வார்கள். கிளைகளையும் சேர்த்தால் இன்றைக்கு 2000 கிலோமீட்டருக்கு மேல். 57 கிலோமீட்டர் தீவில் 2000 கிலோமீட்டர் வாய்க்கால்!

வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் உண்டு. 'லெவாடெய்ரோ' என்று பேர். அடைப்பு எடுப்பது, மடை திறப்பது, இந்த வயலுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. "எங்க ஊர் நீர்க்கட்டி" என்றாள் மனைவி. அதேதான். அவர் நடந்து போய் வருவதற்காகக் கரையோரம் போட்ட ஒற்றையடிப் பாதையில்தான் இன்றைக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்து நடக்கிறார்கள். மலை முழுக்க மேடாக இருக்கிற ஒரு தீவில், சமமாக நடக்க இருக்கிற ஒரே வழி தண்ணீர் போகிற வழி.

அந்தத் தண்ணீருக்கு மூலதனம் ஒரு காடு. 'லாரிசில்வா' என்று பெயர். ஐரோப்பாவின் தெற்கே பல லட்சம் வருஷங்களுக்கு முன் பரவியிருந்து அழிந்துபோன காட்டு வகை. இங்கே சுமார் 15,000 ஹெக்டேர் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1999-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. மேகம் கடந்து போகும்போது இலைகள் அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரைக்கு இறக்குகின்றன. நீலகிரிச் சோலைக்காடுகள் செய்கிற அதே வேலை.

* * *

சமமான பாதை என்றால் ஆபத்தில்லாத பாதை என்று நினைத்துவிடக் கூடாது. இதை நான் பயமுறுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

சில லெவாடாக்களில் ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் பாதாளம், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலம். சில இடங்களில் கம்பி கட்டியிருக்கும், சில இடங்களில் இருக்காது. வழுக்கி விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. சில பாதைகளில் இருட்டுச் சுரங்கங்கள். கையில் டார்ச் இல்லாமல் நுழைய முடியாது. அதனால் எந்த வாய்க்கால் என்று தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்.

இங்கே என் ரகசியம் ஒன்றையும் வெளியிட வேண்டும். எனக்கு உயரம் ஆகாது. ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அவளுக்கு முட்டி, எனக்குத் தலை! பிகோ ருய்வோ ஏறுவேன் என்று கட்டம் போட்டவன், அந்தப் பாதையின் போட்டோவை மகள் அனுப்பியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு பக்கமும் ஒன்றுமில்லாத முகட்டின்மேல் கயிறு போல ஒரு பாதை. 2024 ஆகஸ்ட் காட்டுத் தீக்குப் பிறகு அது நீண்ட காலம் மூடிக் கிடந்தது. 'மூடியிருக்கு' என்று போர்டு வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். அந்த மலையில் கல் உருண்டு வரும். இப்போது பல பாதைகளுக்கு வெளியூர்க்காரர்களிடம் கட்டணமும் வாங்குகிறார்கள். புறப்படுமுன் எது திறந்திருக்கிறது, எதற்கு முன்பதிவு வேண்டும் என்று அரசாங்க அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாதையை என் மனைவியே கண்டுபிடித்தாள். ரிபெய்ரோ ஃப்ரியோ என்ற மலையூர். 'குளிர் ஓடை' என்று அர்த்தம். டிரவுட் மீன் வளர்க்கிற தொட்டிகள் உண்டு. அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகவே காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர். அகலமான, சமமான பாதை. பயமில்லை. முடிகிற இடத்துக்கு 'பால்கோயிஸ்' என்று பெயர். நம்ம 'பால்கனி'தான். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால், மேகம் விலகியிருந்தால், அரியெய்ரோவும் பிகோ ருய்வோவும் தெரியும். சின்னச் சின்னக் குருவிகள் கை நீட்டினால் வந்து உட்காருமாம்.

ஆக, நான் உயிரைக் கொடுத்து ஏற நினைத்த சிகரத்தை அவள் வாய்க்கால் கரையில் நடந்தே பார்த்துவிடுவாள்!

* * *

'மேகம் விலகியிருந்தால்' என்று சொன்னேன் அல்லவா? திட்டம் போடுகிறவன் திணறுவது அங்கேதான்.

ஒரே நேரத்தில் தெற்கே வெயில், வடக்கே மழை, உச்சியில் குளிர் என்று தீவு மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஜூன் மாதத்தில் தலைநகர்மேல் மேகம் கவிழ்ந்து உட்கார்ந்துவிடுவதற்கு உள்ளூர்க்காரர்கள் 'ஹெல்மெட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். சில நாள் கீழே மூட்டம், மேலே ஏறினால் மேகத்துக்கு மேலே பளீரென்று வெயில். ஆகவே 'செவ்வாய் காலை சிகரம்' என்று கல்லில் வெட்டினால் செவ்வாய் காலை வெள்ளைத் திரை மட்டுமே பார்க்கலாம்.

பெரிய மனிதர்கள் திட்டமே அங்கே பிசகியிருக்கிறது. 1950 ஜனவரியில் வின்ஸ்டன் சர்ச்சில் ஓய்வெடுக்க வந்தார். கமரா டி லோபோஸ் என்ற மீனவக் கிராமத்தில் உட்கார்ந்து படம் வரைந்தார். இங்கிலாந்தில் தேர்தல் வருகிறது என்று சேதி வர, லீவைப் பாதியில் முடித்துக்கொண்டு கடல் விமானத்தில் திரும்பிப் போனார். அந்தத் தேர்தலில் தோற்றார் என்பது வேறு விஷயம்.

மகள் ஒரு யோசனை சொன்னாள். நாளுக்கு இடம் எழுத வேண்டாம். நாலு விதமான சீட்டு எழுதிக்கொள்வோம்: மலைச் சீட்டு, கடல் சீட்டு, ஊர்ச் சீட்டு, அப்புறம் இன்னொன்று. காலையில் காபி குடித்துக்கொண்டே, மலை உச்சிகளில் வைத்திருக்கிற காமிராக்களைச் செல்போனில் பார்க்க வேண்டும். உச்சி தெளிவாக இருந்தால் மலைச் சீட்டு. மூடியிருந்தால் கடல் சீட்டு. இப்படி எழுதினால் மேகம் நம் திட்டத்தைக் கெடுக்க முடியாது. திட்டத்தில் அதுவும் ஒரு பார்ட்னர்.

ஸ்கேலை டிராயருக்குள் வைத்தேன்.

* * *

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். வீட்டம்மா சைவம். நான் வீட்டில் சைவம்.

அந்த ஊரின் ராஜ மீன் 'எஸ்பாடா'. வாள் போல நீளமாக, கன்னங்கரேலென்று, ஆழ்கடலில் வாழ்கிறது. பொரித்து, மேலே வாழைப்பழத்தையும் பொரித்து வைத்துத் தருவார்கள். மீனுக்கு வாழைப்பழமா என்று மனைவி முகம் சுளித்தாள். அவளுக்கும் வழி இருக்கிறது. 'போலோ டோ காகோ' என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்த தட்டை ரொட்டி. சுடச்சுடப் பூண்டு வெண்ணெய் தடவியது. 'மில்யோ ஃப்ரிட்டோ' என்று மக்காச்சோள மாவைக் களி கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்தது. களியைப் பொரிக்கலாம் என்பது நம் பாட்டிகளுக்குத் தோன்றாமல் போய்விட்டதே! கரும்புப் பாகில் செய்த கருப்பு கேக் ஒன்று உண்டு. கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிடுவதுதான் மரபு.

அந்த ஊர் ஒயினுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம். அந்தக் காலத்தில் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் ஏற்றி வெப்பக் கடல்கள் வழியே இந்தியா வரை கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோனால் ருசி கூடுகிறது என்று கண்டுபிடித்தார்களாம். வெயிலில் அலைந்தால் உயர்கிற சரக்கு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இளைத்துத்தான் போகிறது, என்னைப் போல.

பாஷை பற்றி மனைவிக்குக் கொஞ்சம் பயம். நான் தைரியம் சொன்னேன். சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி, பீப்பாய் எல்லாம் போர்ச்சுகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்து விட்டுப்போன வார்த்தைகள். 'ஷாவ்' என்றால் சாவி கிடைக்கும். 'ஜனேலா' என்றால் ஜன்னலைத் திறப்பார்கள். ஓட்டல் ரூமுக்குள் இருக்கிறவரை நாம் பண்டிதர்கள். வெளியே வந்தால்தான் ஊமை.

* * *

இன்னும் ரெண்டு எச்சரிக்கை.

ஒன்று, விமான நிலையம். அந்த ஊர் மண்ணின் மைந்தன் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பேரை 2017-ல் அதற்கு வைத்தார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவில் சமதரை இல்லாததால், ஓடுபாதையின் ஒரு பகுதியைக் கடலோரத்தில் சுமார் 180 தூண்கள் நிறுத்தி அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். 1977-ல் ஓடுபாதை 1600 மீட்டர்தான். மழை ராத்திரியில் இறங்கிய விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டிப் போய் 131 பேர் இறந்தார்கள். இப்போது 2781 மீட்டர். நீளம் வந்தாலும் காற்று அதே காற்றுதான். பலமாக வீசினால் இறங்க விடமாட்டார்கள். விமானம் பக்கத்துத் தீவுக்கோ லிஸ்பனுக்கோ போய்க் காத்திருக்கும். ஆகவே திரும்பி வந்த அன்றைக்கே லண்டனில் சென்னை விமானத்தைப் பிடிக்கலாம் என்று யாரும் திட்டம் போடாதீர்கள். நான் போட்டிருந்தேன். நடுவில் ஒன்றரை மணி நேரம் விட்டிருந்தேன்! மகள் அதை அடித்துவிட்டு மூன்று நாள் இடைவெளி விட்டாள்.

ரெண்டு, விசா. லண்டன் விசா கையில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. மதெய்ரா போர்ச்சுகல் ஆனதால் ஷெங்கன் விசா தனியாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். புறப்படும் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். அதோடு, எந்த நாள் எங்கே என்று ஒரு பயணத் திட்டமும் கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, அரசாங்கமே கேட்கிறது! டிராயரைத் திறந்து ஸ்கேலை மறுபடி எடுத்தேன்.

ஆனால் இந்தத் தடவை பேனா என் மனைவி கையில் இருந்தது.

முதல் நாள் வந்து சேருவது. வேறு ஒன்றும் கிடையாது. ஏழாம் நாள் திரும்புவது. நடுவில் ஐந்து நாள். ஒரு மலைச் சீட்டு: காரிலேயே அரியெய்ரோ உச்சி, அதே சாலையில் இறங்கி ரிபெய்ரோ ஃப்ரியோ வாய்க்கால் நடை. இன்னொரு மலைச் சீட்டு: ஃபுன்ஷாலுக்கு மேலே தோஸ் டோர்னோஸ் என்கிற லெவாடாவில் ஒரு துண்டு, வழியில் டீக்கடை இருக்கிறது என்பதற்காகவே. ஒரு கடல் சீட்டு: சர்ச்சில் படம் வரைந்த கிராமம், அப்புறம் சுரங்கம் வழியாக வடமேற்கே போர்ட்டோ மொனிஸ். எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவே கடல் தண்ணீர் தேங்கி இயற்கையாக நீச்சல் குளம் ஆகியிருக்கிறது. ஒரு ஊர்ச் சீட்டு: மார்க்கெட், ரோப் காரில் மோண்டே, அங்கிருந்து பிரம்புக் கூடை வண்டி.

இந்தக் கூடை வண்டியைத்தான் நான் அவளுக்காக நீக்கியிருந்தேன். சோபா மாதிரி ஒரு பிரம்புக் கூடை. அடியில் சக்கரம் கிடையாது, மரச் சட்டம்தான். வைக்கோல் தொப்பி போட்ட ரெண்டு பேர் பின்னால் தொற்றிக்கொண்டு, செங்குத்தான தெருவில் சுமார் ரெண்டு கிலோமீட்டர் சறுக்கிக் கொண்டுபோவார்கள். பிரேக் அவர்களுடைய பூட்ஸ் அடிப்பாகம்.

"இது எதுக்கு அடிச்சீங்க? உக்காந்துதானே போறது. முட்டிக்கு வேலையே இல்லையே!" என்றாள்.

என் தலைக்கு வேலை இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

பிகோ ருய்வோ, 25 ஊற்று, போர்ட்டோ சாண்டோ எல்லாம் போயிற்று. 23 இடம் எட்டாகக் குறைந்தது. இன்னும் ஒரு நாள் மிச்சம். அந்தக் கட்டத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

"விசா ஆபீஸ்ல வெறும் கட்டத்தை ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"'ஓய்வு'ன்னு போடச் சொல்லுங்கப்பா" என்றாள் போனில் மகள்.

மனைவி 'ஓய்வு' என்று எழுதினாள். முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டு டூர் பிளானில் முதல் தடவையாக அவள் கையெழுத்து. சோம்பு ஊரில் ஒரு நாள் சோம்பல், பொருத்தம்தானே!

"அன்னிக்கு என்னதான் பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

"வாய்க்கா ஓரமா உக்காந்திருக்கப் போறேன். நீங்களும் வரலாம். வாட்ச் கட்டாம வரணும்."

"சரி" என்றேன்.

"செல்போனும் கூடாது."

முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவளிடம் சந்து பொந்து தேட முடியுமா, சொல்லுங்கள்!